பதினாறாவது வளைவு

தோஹா தொழில்பேட்டை
பிப்ரவரி 7, வெள்ளி

உமாராணிக்கு,

தோஹாவிலிருந்து ஆ. ராக்கப்பன் எழுதுவது. நான் நலம். என் கோபமும் நலம். இரண்டிலும் எதுவும் குறையவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போனில் உன்னோடு பேச மாட்டேன் என்று சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் சொன்ன சொல் எதையும் நான் மீறவில்லை. இந்தத் தாள்களை முகம்மது ரிபாய் தன் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவான். என் அறையில் எதிர்க்கட்டிலில் இருப்பவன், தொண்டிக்காரன், எங்கள் சைட்டில் கிரேன் ஓட்டுகிறான். வாய் அதிகம், ஆனால் கை நடுங்காமல் படம் எடுப்பான். என்னிடம் இருப்பது பட்டன் போன். கொரோனா ஆப்புக்காகக் கட்டாயத்தில் வாங்கிய பெரிய போனை, அந்தக் கட்டாயம் போன மறுமாதமே தள்ளிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் அம்மா பூவாயி, ரிபாய் போனுக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். ஜெர்மனியில் நீ நர்ஸாக இருக்கும் ரேகன்ஸ்பர்க் ஊரில், ஆற்றங்கரையில் நிற்கிறாய். "ஏங்க, புள்ள எளச்சுப் போயிருச்சு, பாத்தீங்களா?" என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை. உனக்குப் பின்னால் இருந்த பாலத்தைத்தான் பார்த்தேன். ரிபாயிடம் சொல்லிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "அண்ணே, பின்னாடி இருக்கிற கல்லையே பாக்குறீங்களே, முன்னாடி நிக்கிற மகளைக் கொஞ்சம் பாருங்கண்ணே" என்றான். அவன் சோலியை அவன் பார்க்கட்டும்.

இருபத்தேழு வருடமாக இந்த ஊரில் பாலம் கட்டுகிறேன். சென்ட்ரிங் தச்சனாக வந்தவன், இப்போது பலகை அடிப்பவர்களுக்கு மேஸ்திரி, ஷட்டரிங் ஃபோர்மேன். பதினோரு பாலத்துக்கு முட்டுக் கொடுத்து, கான்கிரீட் இறுகியதும் முட்டைப் பிரித்திருக்கிறேன். பதினொன்றின் கீழும் ரோடுதான். ஒன்றின் கீழும் தண்ணீர் இல்லை, ஏனென்றால் இந்த நாட்டில் ஆறே இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு டிராயிங் படிக்க யாரும் சொல்லித் தரவில்லை. ஆபீசில் தூக்கிப் போட்டதைக் கேம்புக்குக் கொண்டுவந்து கட்டிலில் விரித்து நானே படித்தேன். பாலம் என்றால் எனக்குத் தெரியாதது இல்லை என்றுதான் இருந்தேன். உன் போட்டோவில் இருப்பது மட்டும் பிடிபடவில்லை.

ஓடுகிற ஆற்றில் பாலத்தின் காலை எப்படி ஊன்றினார்கள்? எங்கள் குழியில் கொஞ்சம் நீர் ஊறினாலே நான்கு பம்பு ஓடும். அவர்களிடம் பம்பு இல்லை, கம்பி இல்லை, நம் சிமெண்ட் இல்லை. கல் வளைவு ஒருமுறை முடிந்துவிட்டால் தானே நிற்கும், சரி. ஆனால் நடுவில் கடைசிக் கல் விழும்வரை அதைக் கீழிருந்து மரச் சாரம் தாங்கியாக வேண்டும். அந்தச் சாரம் எதன் மேல் நின்றது, தண்ணீர் மேலா? வளைவுகள் ஏன் ஒரே அகலமாக இல்லை? நடுவில் ஏன் மேடு? மொத்தம் எத்தனை வளைவு? மரங்கள் மறைப்பதால் என்னால் எண்ண முடியவில்லை.

நீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து, காலடி எண்ணி எழுது. உன் ஒரு எட்டு எத்தனை அங்குலம் என்று சுவரோரம் அளந்து அதையும் எழுது. எனக்கு அது தெரியாது. கடைசியாக உன்னை நான் அளந்தது எட்டாம் வகுப்பு யூனிஃபார்ம் துணிக்கு.

பாலத்தைப் பற்றி மட்டும் எழுது. செப்டம்பர் பதினேழைப் பற்றி ஒரு வரி எழுதக்கூடாது. அன்றைக்கு ஜெர்மனி போகிற வழியில், நான் இருக்கிற இதே தோஹாவில் இறங்கி, ஆறு மணி நேரம் இருந்து, பெற்ற அப்பனுக்கு முகம் காட்டாமல் அடுத்த விமானம் ஏறிப் போனவள் நீ. ஒன்றரை வருடமாகிறது. அதற்கு நீ சொல்லும் காரணம் எதுவும் எனக்கு வேண்டாம்.

ஏப்ரலோடு எனக்கு இங்கே வேலை முடிகிறது. அறுபது தாண்டியவனுக்கு விசா புதுப்பிக்க மாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அதற்குள் இந்தப் பாலம் எனக்கு விளங்கியாக வேண்டும்.

குளிரில் காதை மூடிக்கொள். போட்டோவில் மூடவில்லை.

இப்படிக்கு,
ஆ. ராக்கப்பன்,
ஷட்டரிங் ஃபோர்மேன்.


தோஹா தொழில்பேட்டை
மார்ச் 7, வெள்ளி

உமாராணிக்கு,

உன் கடிதமும் பதினெட்டுப் படங்களும் வந்தன. நான் நலம். நோன்பு மாதம் என்பதால் சைட்டில் ஆறு மணி நேரம்தான் வேலை. மீதி நேரம் உன் படங்களோடு போகிறது. "பேட்டரி பூராத்தையும் தின்னுட்டீங்களேண்ணே, நோன்பு எனக்கா என் போனுக்கா?" என்று ரிபாய் திட்டுகிறான்.

நீ எழுதியதில் என்னைக் கட்டிலை விட்டு எழுப்பியது அந்த வறண்ட கோடைதான். ஆயிரத்து நூற்று முப்பத்தைந்தாம் வருடம் மழை இல்லாமல் டான்யூப் ஆறு மிகவும் இறங்கிக் கிடந்தபோது வேலையைத் தொடங்கினார்கள் என்று எழுதியிருந்தாய். ஊரே தண்ணீர் இல்லை என்று அழுதிருக்கும். ஒருவன் மட்டும் ஆற்றை எட்டிப் பார்த்து, இதுதான் நேரம், யல்லா, கிளம்புங்கள் என்று இறங்கியிருக்கிறான். அவன் யார் என்று உறுதியாகத் தெரியாதாம். எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. என் பதினோரு பாலத்திலும் போய்த் தேடு, என் பெயர் இருக்கிறதா என்று.

ஆற்றுப் படுகையில் ஓக் மரக் கட்டைகளைப் பரப்பி, அதன் மேல் கல் தூண். வெள்ளம் அரிக்காமல் ஒவ்வொரு தூணைச் சுற்றியும் படகு வடிவில் ஒரு கல் திட்டு. மரம் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் அழுகாது, நனைந்து காய்ந்து நனைந்தால்தான் அழுகும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதை நம்பி ஒரு பாலத்தையே ஏற்ற எனக்குத் தைரியம் வந்திருக்காது. சாரமும் அந்தக் கல் திட்டின் மேலேயே நின்றிருக்க வேண்டும். இது என் ஊகம். உன் வார்டில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் கல்தச்சர் ஹூபரிடம் கேட்டு எழுது. எண்பத்து நான்கு வயதில் மருந்து சாப்பிட மறுத்துச் சண்டை போடுகிறவர் என்றால் வேலை தெரிந்தவராகத்தான் இருப்பார்.

பிசாசுக் கதையைப் படித்துவிட்டு ரிபாயும் நானும் சிரித்தோம். பாலம் கட்டியவனும் தேவாலயம் கட்டியவனும் யார் முதலில் முடிப்பது என்று போட்டி. பாலக்காரனுக்கு உதவ வந்த பிசாசு, முதலில் பாலம் ஏறும் மூன்று உயிர் எனக்கு என்றது. இவன் ஒரு சேவலையும் கோழியையும் நாயையும் ஓட்டிவிட்டான். ஏமாந்த பிசாசு கீழிருந்து முட்டியதில் நடுவில் மேடு விழுந்துவிட்டது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடு மேடு படகு போவதற்கும் மழைத் தண்ணீர் இரண்டு பக்கமும் வடிவதற்கும் வைத்தது. நாங்களும் பலகை அடிக்கும்போது நடுவைக் கொஞ்சம் தூக்கித்தான் அடிப்போம். பிசாசு வந்து முட்டியதில்லை. இன்ஜினியர் வந்து கத்தியிருக்கிறான்.

அந்தத் தேவாலயத்தை ஆரம்பித்து, இரண்டு கோபுரங்களை முடிக்க அறுநூறு வருடம் ஆனதாமே. அதற்கு யார் ப்ராஜெக்ட் மேனேஜர் என்று கேட்டு எழுது. எங்களுக்கு ஆறு நாள் தாமதமானால் மெமோ வருகிறது. பாலத்தின் மேலே ஒரு சின்னக் கூரையில் உட்கார்ந்து, நெற்றியில் கை வைத்துத் தேவாலயம் இருக்கும் பக்கம் பார்க்கிற கல் மனிதனையும் அனுப்பியிருந்தாய். அவனை எனக்குப் பிடித்துவிட்டது. தன் வேலையை முடித்துவிட்டு அடுத்தவன் வேலையைப் பார்க்கிறவன். நிச்சயம் ஃபோர்மேன்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். வளைவு பதினாறு என்று எழுதியிருக்கிறாய். பதினைந்துதான். உன் படங்களை வரிசையாக வைத்து ஆறு தடவை எண்ணினேன். ஹூபரும் பதினாறு என்கிறார், புத்தகத்திலும் பதினாறு என்று போட்டிருக்கிறது என்றால், அவர்கள் வந்து எனக்குக் காட்டட்டும். கண்ணுக்குத் தெரியாததைக் கணக்கில் சேர்க்க நான் தயாராக இல்லை. நீளத்திலும் இடிக்கிறது. உன் எட்டு இருபத்தாறு அங்குலம், நீ நடந்தது நானூற்று எழுபத்தொரு எட்டு. ஆயிரத்து இருபது அடிதான் வருகிறது. புத்தகத்தில் முன்னூற்று முப்பத்தாறு மீட்டர், அதாவது ஆயிரத்து நூற்று இரண்டு அடி. எண்பத்திரண்டு அடியை யார் தின்றது? மறுபடி நட.

கடைசியாக ஒன்று. செப்டம்பர் பதினேழைப் பற்றி எழுதாதே என்றேன். நீயும் எழுதவில்லை. எழுதாதே என்றால் ஒரு வார்த்தைகூட எழுதாமல் இருந்துவிடுவதா? சரி, நானே எழுதுகிறேன்.

"மக தோஹாவுல எறங்குறா, ஏர்போர்ட்டுக்குப் போங்க" என்று உன் அம்மா சொன்னாள். நீ ஜெர்மனி போவதில் எனக்குச் சம்மதம் இல்லை என்பது உண்மை. கவர்ன்மெண்ட் நர்ஸ் பரீட்சை எழுது என்று கரடியாகக் கத்தினேன். அப்படியும் அரை நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வந்தேன். ஜெர்மனிக் குளிருக்கு என்று ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி வந்தேன். செப்டம்பர் வெயிலில் கம்பளிக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவனைப் பார்த்து டாக்சிக்காரன் சிரித்தான். இறங்குகிறவர்கள் வெளியே வரும் கதவுக்கு எதிரே, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மணியிலிருந்து எட்டு மணிவரை நின்றேன். கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். நாலு மணிக்கு உன் அம்மாவுக்குப் போன் போட்டேன். "அப்பவே எறங்கிட்டேன்னு மெசேஜ் போட்டாளே, அதுக்கப்பறம் அவளுக்குப் போன் போகல" என்றாள். இறங்கியவள் வெளியே வரவில்லை என்றால் அப்பன் என்ன நினைப்பான்? என் முகத்தில் விழிக்க உனக்கு விருப்பமில்லை என்று நினைத்தேன். எட்டேகாலுக்கு உன் விமானம் போயிருக்கும். நானும் போய்விட்டேன். இனி என்னிடம் அந்தப் பேச்சை எடுக்காதே என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவளும் எடுத்ததில்லை.

கோட்டு என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ரிபாய் கேட்டான், கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ராக்கப்பன்.


தோஹா தொழில்பேட்டை
மார்ச் 28, வெள்ளி

அன்பு மகள் உமாராணிக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நீயும் எழுது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதலில் பாலம்.

பதினாறு என்பது சரி. பதினைந்து என்று நான் சொன்னது தவறு. இதை ஒரு தடவைதான் எழுதுவேன். ஹூபரிடமும் சொல்லிவிடு. என்னைக் கழுதை என்று அவர் சொன்னதை நீ மறைக்காமல் எழுதியதும் நல்லதுதான். இடுப்பு முறிந்து படுத்தும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாத அவரும் கழுதைதான் என்று சொல், மறைக்காமல் சொல்.

நானூறு வருடத்துக்கு முன் கரையில் பெரிய உப்புக் கிடங்கு கட்டினார்கள். அப்போது அந்தப் பக்கத்து முதல் வளைவு கட்டிடத்துக்குள் அடைபட்டுப் போய்விட்டது. ஆனால் இடிக்கவில்லை. ரோட்டுக்கு அடியில் இன்னும் அப்படியே இருக்கிறது. நீ டூட்டி முடிந்து அந்தக் கிடங்குக்குப் போய், அங்கே இருந்தவர்களிடம் கேட்டு, சுவரில் கை வைத்துப் பார்த்து எழுதியிருந்தாய். என் எண்பத்திரண்டு அடியும் அங்கேயே கிடைத்துவிட்டது. நீ சரியாகத்தான் நடந்திருக்கிறாய்.

அன்றைக்கு முழுக்க சைட்டில் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கே தெரிந்திருக்க வேண்டும். கல் வளைவு சும்மா நிற்பதில்லை, பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைத் தாங்க அந்தப் பக்கமும் ஒன்று இருந்து எதிர்த்துத் தள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற கடைசி வளைவு இத்தனை காலம் அசையாமல் நிற்கிறது என்றால், அதற்கு அப்பால் ஏதோ ஒன்று தாங்குகிறது என்று அர்த்தம். இதை எந்த டிராயிங்கும் இல்லாமல் நான் சொல்லியிருக்க வேண்டும். தெரியவில்லை என்பதால் இல்லை என்றேன்.

இப்போது மற்றது.

அடுத்த விமானம் ஏறுகிறவர்கள் வெளியே வர மாட்டார்கள், உள்ளேயே காத்திருப்பார்கள் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு ரிபாயைக் கேட்டேன். "அது எல்லாருக்கும் தெரியுமேண்ணே" என்றான். எனக்குத் தெரியாது. நான் இந்த ஊரில் எத்தனை தடவை இறங்கியிருக்கிறேன்! ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவு வழியாகத்தான் வெளியே வந்தேன். எனக்குத் தோஹாதான் கடைசி ஸ்டாப்பு. இறங்கியும் வெளியே வராமல் போகிறவர்கள் இருப்பார்கள் என்று நான் எங்கே கண்டேன்? இருபத்தேழு வருடம் வெளிநாட்டில் இருக்கும் அப்பாவுக்கு எல்லா வழியும் தெரியும், எப்படியாவது உள்ளே வந்துவிடுவார் என்று நீ நம்பியிருக்கிறாய். அதை நான் குற்றமாகச் சொல்ல முடியாது. நானே அப்படித்தான் பேசித் திரிந்திருக்கிறேன்.

அந்தப் பெரிய மஞ்சள் கரடி பொம்மைக்குக் கீழே ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தாய் என்று எழுதியிருந்தாய். விமான நிலையத்தில் அதுதான் எல்லோருக்கும் தெரிகிற அடையாளம் என்பதால் அங்கே உட்கார்ந்தாய். பசித்தும் எழுந்து போகவில்லை, நான் வந்து தேடுவேனோ என்று. போகாதே என்று சொன்ன கோபத்தில் நான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு போய் விமானத்தில் அழுதாய் என்பதையும் எழுதியிருந்தாய். அந்த வரியை ரிபாய் வேறு உரக்கப் படித்துவிட்டான். படித்ததும் போனை என் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அன்றைக்கு அவன் பேட்டரிக்காகத் திட்டவில்லை.

அந்தக் கரடியை நானும் பார்த்திருக்கிறேன், லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம். நான் நின்ற கதவுக்கும் நீ உட்கார்ந்திருந்த இடத்துக்கும் நடுவே என்ன இருக்கும்? சில சுவர்கள். அவ்வளவுதான் இருக்கும். அளந்து பார்க்க வழியில்லை.

உன் அம்மா மேல் கோபப்படாதே. பேச்சை எடுக்காதே என்று நான் வாயை அடைத்துவிட்டேன். ஒரு வார்த்தை பேச விட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இதையும் ஒரு தடவைதான் எழுதுவேன்.

ஏப்ரல் இருபத்து நான்காம் தேதி லீவில் ஊருக்குப் போகிறாய், மறுபடி தோஹா வழிதான், மறுபடி ஐந்து மணி நேரம் உள்ளே இருப்பாய் என்று எழுதியிருக்கிறாய். என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருப்பாய்.

போன ஞாயிறு ஆபீசுக்குப் போனேன். டிக்கெட் போடுகிற சாகிரிடம், ஒரேயடியாக ஊருக்குப் போகிற என் ஃபைனல் எக்சிட் டிக்கெட்டை இருபத்து நான்காம் தேதிக்கு மாற்று, சென்னை விமானத்தில் போடு, இன்ன நேரத்து விமானம் என்று, நீ ஏறும் விமானத்தின் நேரத்தை உன் கடிதத்திலிருந்து எழுதிவைத்த தாளைக் காட்டினேன். "பெரியவரே, உங்களுக்குத் திருச்சி டைரக்ட் போட்டாச்சு, கலாஸ், முடிஞ்சு போச்சு. சென்னையில இறங்கி அங்கேருந்து ஏழு மணி நேரம் பஸ்ஸுல போவீங்களா? யாராச்சும் இப்படிக் கேப்பாங்களா?" என்றான். நான் கேட்பேன் என்றேன். முடியாது என்றான். நாற்காலியில் உட்கார்ந்தேன். மறுநாளும் டூட்டி முடிந்ததும் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் மாற்றிக் கொடுத்துவிட்டான். "இத்தனை வருஷத்துல நீங்க ஆபீசுல ஒண்ணு கேட்டு நான் பாத்ததில்ல பெரியவரே, அதான்" என்றான்.

ஆகவே கவனமாகப் படி. நானும் அன்றைக்கு ஒரு பயணி. பெட்டியைப் போட்டுவிட்டு, போர்டிங் பாஸ் வாங்கிக்கொண்டு, சோதனை எல்லாம் தாண்டி உள்ளே வருவேன். என்னைத் தடுக்க எவனாலும் முடியாது, என் கையில் டிக்கெட் இருக்கிறது. நீ இறங்கியதும் நேராகக் கரடிக்குக் கீழே போய் உட்கார். வேறு எங்கும் போகாதே. தண்ணீர் குடிப்பதென்றாலும் கரடி கண்ணில் படுகிற இடத்திலேயே குடி. நான் முன்னால் வந்துவிட்டால், அந்தப் பாலத்துக் கல் மனிதனைப் போல நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெள்ளைச் சட்டை. தலையில் முடி குறைந்துவிட்டது, அதை வைத்துத் தேடாதே.

கோட்டைக் கொண்டுவருகிறேன். அளவு தெரியாமல் ஒரு ஊகத்தில் வாங்கியது. பெரிதாக இருந்தால் பெரிதாக இருக்கிறது என்று சொல்லாதே. லீவு முடிந்து திரும்பும்போது போட்டுக்கொண்டு போ.

பாலத்துக்குக் கீழே சாரம் எதன் மேல் நின்றது என்பதற்கு ஹூபர் இன்னும் பதில் சொல்லவில்லை. அதை வந்து நேரில் பார்த்தால்தான் எனக்குத் தீரும். அதற்கு என்னென்ன தாள் வேண்டும் என்று விசாரித்து வை. விமானத்தில் நாலு மணி நேரம் இருக்கிறது, அப்போது பேசிக்கொள்வோம். போனில்தான் பேச மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நல்லபடியாக வா, தாயே. காதை மூடிக்கொண்டு வா. இந்தத் தடவை நான் உள்ளே வருகிறேன். எழுந்து போய்விடாதே.

உன்
அப்பா.